ஸ்பீடு டெஸ்ட் 95 காட்டுகிறது, வங்கித் தளம் மட்டும் திறக்கவில்லை: எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். திருச்சியில் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 95க்குக் குறையாமல் வருகிறது. யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. ஆனால் வங்கித் தளம், மகள் படிக்கும் கல்லூரியின் தளம், வெளிநாட்டுச் செய்தித் தளங்கள் இரண்டு மூன்று மட்டும் வெள்ளைத் திரையாகவே நிற்கின்றன, இல்லையென்றால் அரைகுறையாகத் திறக்கின்றன. கஸ்டமர் கேரில் கேட்டால், "ஸ்பீடு கரெக்டா வருது சார், எங்க பக்கம் பிராப்ளம் இல்ல" என்கிறார்கள். கடைசியாக ஒரு வரி: போன மாதம் ரவுட்டர் பழுதாகிப் புதிது மாற்றினோம்.

அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், ஸ்பீடு டெஸ்ட் ஏன் உங்களுக்கு உதவவில்லை என்று சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது உங்கள் இணைய நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க்கிலேயே இருக்கும். யூடியூபும் அப்படித்தான். கூகுள் தன் வீடியோக்களைச் சேமித்து வைத்த பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது, நெட்ஃபிளிக்ஸும் வைத்திருக்கிறது. ஆக ஸ்பீடு டெஸ்டும் யூடியூபும் நன்றாக இருந்தால், உங்கள் வீட்டிலிருந்து இணைய நிறுவனம் வரை உள்ள வழி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அதைத் தாண்டிப் போகும் வழியைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. கஸ்டமர் கேர் ஊழியர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்கும் திரையில் அவ்வளவுதான் தெரியும்.

"எல்லாத் தளமும் மெதுவாக இருக்கிறது" என்றால் தேடுவது கடினம். "சில தளம் மட்டும்" என்பது நல்ல தடயம். நன்றாகத் திறக்கும் தளத்துக்கும் திறக்காத தளத்துக்கும் இடையே என்ன வேறுபாடு என்று கண்டுபிடித்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். அது தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். டிஎன்எஸ்ஸை மாற்று, ரவுட்டரை ரீசெட் பண்ணு, விபிஎன் போடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். (டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை, விபிஎன் என்பது வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும் முறை.) ஒரே மாலையில் மூன்றையும் செய்துவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பத்து நிமிட வேலை ஒன்று. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே வங்கித் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே தாமதம் என்றால் பழுது தளத்தின் பக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவு நாளில் நடப்பது அதுதான், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மொபைல் டேட்டாவில் சட்டென்று திறந்தால், அடுத்து அதே கைபேசியை வைஃபையில் இணைத்துத் திறந்து பாருங்கள். கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி திணறினால் பழுது ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. கம்ப்யூட்டரில் மட்டும் திணறினால், பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களையும் ஆன்டிவைரஸையும் சந்தேகப்படுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் பாதுகாப்பான இணைப்புகளையும் இடையில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பும், வங்கித் தளங்கள் திணற அதுவும் ஒரு காரணம். இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பார்த்தால் எக்ஸ்டென்ஷன் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

பழுது ரவுட்டர் பக்கம் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி பார்க்க வேண்டியது பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. இவ்வளவு நல்ல கருவியைப் பெரும்பாலானோர் ஒரு முறைகூடத் திறந்து பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குரோமிலோ எட்ஜிலோ புதிய டேப் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்துங்கள். மேலே "நெட்வொர்க்" என்று ஒரு தலைப்பு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திணறும் தளத்தைத் திறங்கள். தளம் கேட்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக இறங்கும். வலது பக்கத்தில் ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பட்டையாகத் தெரியும். மிக நீளமான பட்டையைச் சொடுக்கி, "டைமிங்" என்ற பகுதியைப் பாருங்கள். காத்திருந்த நேரம் அங்கே கூறு கூறாகப் பிரிந்து கிடக்கும்.

"டிஎன்எஸ் லுக்கப்" என்பது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்ற ஆன நேரம். "இனிஷியல் கனெக்ஷன்" என்பது அந்தச் சர்வரோடு தொடர்பு ஏற்பட ஆனது. அதற்குள் "எஸ்எஸ்எல்" என்பது சான்றிதழைச் சரிபார்த்துப் பூட்டுப் போட ஆனது. "வெயிட்டிங்" என்றால் நாம் கேட்டுவிட்டோம், சர்வர் முதல் பைட்டை அனுப்பக் காத்திருக்கிறோம். "கன்டென்ட் டவுன்லோட்" என்பது கோப்பு இறங்கிய நேரம். எந்தக் கூறில் நேரம் போகிறது என்பதை வைத்து வைத்தியம் மாறும். வெயிட்டிங் மட்டும் எட்டு செகண்ட், மற்றதெல்லாம் சொற்பம் என்றால் சர்வர் யோசித்துக்கொண்டிருக்கிறது, உங்கள் ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. தளத்தின் சொந்தக் கோப்புகள் உடனே வந்து, ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்தின் கோப்போ எழுத்துரு கோப்போ மட்டும் தொங்கினால், பக்கம் அதற்காகத்தான் காத்திருக்கிறது. ஒரு கோப்பு முடிவே இல்லாமல் "பெண்டிங்" என்று நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

டிஎன்எஸ்தான் எல்லோரும் முதலில் சொல்வது: "8.8.8.8 போடு, சரியாயிடும்." அது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. சில நேரம் சரியாகும். ரவுட்டரில் இரண்டு டிஎன்எஸ் முகவரிகள் இருக்கும். முதலாவது செத்துப் போயிருந்தால், அதனிடம் கேட்டுப் பதில் வராமல் இரண்டாவதிடம் போவதற்குள் சில செகண்டுகள் கழிந்துவிடும். ஒரு செய்தித் தளம் முப்பது நாற்பது வெவ்வேறு பெயர்களிலிருந்து கோப்புகளை இழுக்கும், அங்கே இந்தத் தாமதம் நன்றாகவே உறைக்கும். ஆனால் கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால் டிஎன்எஸ் கோளாறு என்றால் முதல் முறை தாமதமாகும், உடனே மறுபடி திறந்தால் வேகமாக வரும். ஒவ்வொரு முறையும் அதே தாமதம் என்றால் டிஎன்எஸ்ஸைப் பழி சொல்லாதீர்கள். இன்னொன்று, பெரிய தளங்கள் டிஎன்எஸ் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பக்கத்துச் சர்வரின் முகவரியைக் கொடுக்கும். வேறு டிஎன்எஸ் போடும்போது சில தளங்கள் உங்களைத் தொலைவில் இருப்பவர் என்று எண்ணி, சென்னையில் இருக்கும் சர்வரை விட்டுச் சிங்கப்பூர் சர்வருக்கு அனுப்பிவிடவும் கூடும். மாற்றினால் முன்னும் பின்னும் எஃப்12ல் அளந்து பாருங்கள். குறைந்தால் வைத்துக்கொள்ளுங்கள், குறையாவிட்டால் பழையதற்கே திரும்புங்கள்.

சரி, அந்த ரவுட்டர் வரிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. புது ரவுட்டர் வைத்த மறுநாள் போன் செய்தார். "டேய், எல்லாம் வருது, பேங்க் மட்டும் வரமாட்டேங்குது. என் பேரையே எடுத்துட்டாங்களோ?" போய்ப் பார்த்தேன். வங்கித் தளத்தின் முகவரியை அடித்தால் டேப்பில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரை வெள்ளை. எஃப்12 போட்டால் முதல் வரியே பெண்டிங். அரை நிமிடம், ஒரு நிமிடம், அப்புறம் பிழைச் செய்தி. அக்காவின் கைபேசியிலும் அதேதான். ஆனால் மொபைல் டேட்டாவில் இரண்டே செகண்டில் திறந்தது.

காரணம் பாக்கெட்டின் அளவு. இணையத்தில் தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. வழக்கமான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். இந்த உச்ச அளவுக்குத்தான் எம்டியு என்று பெயர். ஆனால் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைக்கும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 8 பைட் மேலுறை போட வேண்டும். அதற்குள் வைக்க மிஞ்சுவது 1492 தான். புது ரவுட்டரில் அந்த இடத்தில் 1500 என்று இருந்தது. ரவுட்டர் வெளியுலகத்துக்கு, "எனக்கு 1500 அளவிலேயே அனுப்பலாம்" என்று சொல்லிவிடுகிறது. வங்கியின் சர்வர் 1500 பைட் பாக்கெட்டாக அனுப்புகிறது. அது இணைய நிறுவனத்தின் வாசல்வரை வந்துவிட்டது, அந்த 1492 வழிக்குள் நுழையவில்லை. அப்போது வாசலில் இருக்கும் கருவி சர்வருக்கு, "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் பல வங்கிகளின், அரசு அலுவலகங்களின், கல்லூரிகளின் ஃபயர்வால்கள் (உள்ளே வருவதை வடிகட்டும் காவல் அமைப்புகள்) அந்த வகைச் செய்தி முழுவதையும் தடுத்து வைத்திருக்கும். சர்வருக்குச் செய்தி போய்ச் சேராது. பதில் வரவில்லையே என்று அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பும், அது மறுபடி மறுபடி வாசலில் விழும்.

ஏன் சில தளம் மட்டும் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. முதலில் கைகுலுக்கும் பாக்கெட்டுகள் மிகச் சிறியவை, அவை தாராளமாக வரும். அதனால் தொடர்பு ஏற்பட்டது போலவே இருக்கும். அடுத்து சர்வர் தன் சான்றிதழை அனுப்பும். அது சில ஆயிரம் பைட் இருக்கும், முழு அளவுப் பாக்கெட்டுகளாக வரும், அங்கே மாட்டிக்கொள்ளும். யூடியூபில் இந்தத் தொல்லை தெரியாததற்குக் காரணம், கூகுளின் தளங்கள் பெரும்பாலும் க்விக் என்ற வேறொரு முறையில் பேசுகின்றன. அதில் பாக்கெட்டுகள் 1200 பைட்டையொட்டியே தொடங்கும், தடையில்லாமல் நுழைந்துவிடும்.

இதைச் சோதிக்க விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பிங் கட்டளையை அடியுங்கள். ஒரு சர்வருக்குப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. இடைவெளி விட்டுக் கழித்தல் குறியோடு எஃப், மறுபடி இடைவெளி விட்டுக் கழித்தல் குறியோடு எல், அப்புறம் 1472, கடைசியில் 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி. எஃப் என்றால் பாக்கெட்டை உடைக்காதே, எல் என்றால் இந்த அளவில் அனுப்பு. இந்த அளவோடு 28 பைட் தலைப்பு சேரும், ஆக 1472 என்பது 1500. அதற்குப் பதில் வராமல், 1464 போட்டால் பதில் வந்தால், உங்கள் வழி 1492. அக்கா வீட்டில் அப்படியேதான் வந்தது: 1472க்கு நான்கு முறையும் பதில் இல்லை, 1464க்கு நான்கும் வந்தன. பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், "வான்" எனப்படும் வெளி இணைப்பு அமைப்பில் எம்டியு என்ற கட்டத்தில் 1500ஐ அழித்து 1492 என்று போட்டு, சேவ் செய்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வங்கித் தளம் திறந்தது. 1464ம் வரவில்லை என்றால் பத்து பத்தாகக் குறைத்துக்கொண்டே போய், பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியு கிடைக்கும்.

எம்டியு சரியாக இருந்தும் சிக்கல் தீரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ஐபிவி6. இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது இந்தப் புதிய முகவரி முறையில் இருக்கிறார்கள், நீங்கள் அறியாமலே உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒரு தளத்துக்கு இரண்டு வகை முகவரியும் இருந்தால் பிரவுசர் முதலில் ஐபிவி6ஐத் தட்டும். கால் செகண்ட் அளவுக்குள் பதில் இல்லையென்றால் பழைய முறையையும் சேர்த்துத் தட்டும். அதனால் ஐபிவி6 முழுக்கச் செத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது பாதி உயிரோடு இருப்பதுதான் தொல்லை. கதவு திறக்கும், பிரவுசர் அதிலேயே உட்கார்ந்துவிடும், அப்புறம் தரவு வராது. சோதனைக்காக ரவுட்டரில் ஐபிவி6ஐ அணைத்துவிட்டு அதே தளங்களைத் திறந்து பாருங்கள். சரியானால் இணைய நிறுவனத்திடம், "ஐபிவி6 வழியில் கோளாறு" என்று குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். அவர்கள் சரிசெய்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். நிரந்தரமாக அணைத்து வைப்பதை நான் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டுச் செய்தித் தளங்களுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம். தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செகண்டில் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல் கேபிள் சுமார் 3,000 கி.மீ., போய்வர 30 மில்லிசெகண்ட். அமெரிக்கா என்றால் 200ஐத் தாண்டும். ஒரு பாதுகாப்பான தளம் முதல் எழுத்தைக் காட்டுவதற்குள் மூன்று நான்கு முறை போய்வர வேண்டும், அதிலேயே முக்கால் செகண்ட் அளவுக்குப் போய்விடும். இது பழுதல்ல. ஆனால் இதோடு வைஃபை இழப்பு சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நூறு பாக்கெட்டில் ஒன்று தொலைகிறது என்று வையுங்கள். போய்வர 10 மில்லிசெகண்ட் ஆகும் தூரத்துச் சர்வரிடமிருந்து ஒரு இணைப்பில் சுமார் 14 எம்பிபிஎஸ் வரும். அதே இழப்பில் 200 மில்லிசெகண்ட் தூரத்துச் சர்வரிடமிருந்து 0.7 எம்பிபிஎஸ்தான் வரும். ஒவ்வொரு இழப்புக்கும் அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு போய்வரவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறுபடி ஏற்றுவார், அதனால் இந்த வேறுபாடு. ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகள் போட்டு அளப்பதால் இது அதில் தெரியாது. கம்ப்யூட்டரை லேன் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்து அதே தளங்களைத் திறந்து பாருங்கள். சரியானால் வைஃபையைக் கவனியுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடை மாதிரி இருக்கும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

இரவு 8 மணி முதல் 11 மணி வரை மட்டும் திணறி, காலையில் நன்றாக இருந்தால், இணைய நிறுவனம் வெளியுலகத்தோடு இணையும் இடத்தில் நெரிசல். அங்கே உங்கள் கையில் செய்ய எதுவுமில்லை, ஆதாரம் சேர்ப்பதைத் தவிர. எப்போதாவது காரணம் இன்னும் தொலைவிலும் இருக்கும். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜித்தா அருகே சீ-மீ-வீ 4, ஐஎம்இடபிள்யூஇ என்ற கடல் கேபிள்கள் அறுந்தபோது, இங்கிருந்து மேற்கே போகும் இணையம் சில நாள் திணறியது. உள்ளூர்த் தளங்கள் அப்போதும் நன்றாகத்தான் இருந்தன.

ஆதாரம் சேர்க்க வின்எம்டிஆர் என்ற இலவச மென்பொருள் போதும். திணறும் தளத்தின் பெயரைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து சர்வர்வரை உள்ள ஒவ்வொரு படியும் ஒரு வரியாக வரும், பக்கத்தில் இழப்பு சதவீதம் இருக்கும். இதைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். நடுவில் ஒரு படியில் 60 சதவீத இழப்பு, அதற்கு அடுத்த படிகளில் பூஜ்யம் என்றால் அங்கே பழுது இல்லை. அந்தக் கருவி வேலை மும்முரத்தில் பிங்குக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு படியில் தொடங்கிய இழப்பு கடைசிவரை தொடர்ந்தால்தான் அந்தப் படியைச் சந்தேகிக்க வேண்டும். கடைசி வரியில் வங்கியின் ஃபயர்வால் பிங்கையே தடுத்து 100 சதவீத இழப்பு காட்டலாம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் யாராவது போட்டோ, வீடியோவை கிளவுடில் பேக்கப் போட்டுக்கொண்டிருந்தால் மேலேறும் வழி நிரம்பி, எல்லாக் கேள்விகளும் வரிசையில் நிற்கும். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விபிஎன் போட்டால் தளம் சட்டென்று திறக்கிறது என்றால், இணைய நிறுவனம் எடுத்துப் போகும் வழியில் பழுது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆனால் நம் நாட்டுச் சில அரசு, வங்கித் தளங்கள் வெளிநாட்டு முகவரியை அனுமதிப்பதில்லை. விபிஎன்னை அணைக்க மறந்துவிட்டுத் தளம் வரவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு.

கஸ்டமர் கேரில் பேசும்போது "நெட் ஸ்லோ" என்று தொடங்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்வார்கள், 95 வரும், புகார் மூடப்படும். "இந்தத் தளம், இந்த நேரம், வேறு இணைப்பில் இரண்டு செகண்ட், உங்கள் இணைப்பில் திறக்கவில்லை, கேபிளில் நேராக இணைத்தும் பார்த்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். வின்எம்டிஆர் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) கண்டிப்பாக வாங்குங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், அந்த டாக்கெட் எண்ணோடு அவரிடம் போகலாம்.

உங்கள் விஷயத்தில், புது ரவுட்டர், வங்கி, கல்லூரி, வெள்ளைத் திரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் எம்டியுவைத்தான் சந்தேகிப்பேன். இன்று இரவே 1472, 1464 இரண்டு பிங்கையும் போட்டுப் பாருங்கள். முதலாவது நின்று இரண்டாவது வந்தால் ரவுட்டரில் 1492 போடுங்கள். இரண்டும் வந்தால் ஐபிவி6ஐ அணைத்துப் பார்த்துவிட்டு, வங்கித் தளத்துக்கு எஃப்12ல் எந்தக் கூறில் எத்தனை செகண்ட் போகிறது என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.